தராசு முள் யார் பக்கம்?

எமது மலைகளில் ஊறும் களனி கங்கை கித்துல்கலையையும் அவிசாவளையையும் கடந்து முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. எமது பிள்ளைகளும் ஏறக்குறைய அதே வழியில்தான் கீழே இறங்குகிறார்கள். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பஸ் ஏறும் இளைஞர்கள் புறக்கோட்டைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை உணவகங்களிலும் வேலைக்குச் சேர்ந்து, முகத்துவாரம், மட்டக்குளி பக்கத்து அறைகளில் நான்கைந்து பேராகத் தங்குகிறார்கள். கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் அப்படிப்பட்ட சுமார் முப்பது பேரைச் சந்தித்தோம். சம்பளம், விடுமுறை, ஊழியர் சேமலாப நிதி ஆகியவை பற்றிப் பேசத்தான் போனோம். ஆனால் பேச்சு கைத்தொலைபேசியில் வந்து நின்றது.

ஒரு தங்கை எழுந்து தன் கதையைச் சொன்னார். அவசரத்துக்கு ஒரு கடன் செயலியில் சிறு தொகை எடுத்திருக்கிறார். செயலியைப் போடும்போது அது கேட்ட எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்தியிருக்கிறார். தவணை சில நாட்கள் பிந்தியதும், அவருடைய தொலைபேசியில் இருந்த எல்லா இலக்கங்களுக்கும் அவர் படத்தோடு 'இவர் கடன்காரர்' என்று செய்தி போயிருக்கிறது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் போனது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தாய்க்கு அந்தச் செய்தியை இன்னொருவர் வாசித்துக் காட்டினார். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டியாகிவிட்டது. ஆனால் அந்த மானக்கேட்டைத் திருப்பிக் கட்ட ஆளில்லை.

அதைக் கேட்டபோது நாம் அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் நிலையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில் எமது சங்கத்திலும் அதே கவனக்குறைவு நடந்திருக்கிறது. ஒரு மாவட்டக் காரியாலயத்தின் அங்கத்தவர் பட்டியல் பல ஆண்டுகளாக ஒரே ஊழியரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவர் வெளிநாடு போனார். கடவுச்சொல் மறந்துபோயிற்று. மீட்பதற்கான குறியீடு அவருடைய பழைய தொலைபேசி இலக்கத்துக்கே போனது. அந்த இலக்கம் இப்போது வேறு யாரோ ஒருவரிடம் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்ற விபரம் எல்லாம் எங்கோ ஒரு நாட்டில் ஒரு கம்பனியின் கணினியில் பத்திரமாக இருக்கின்றன. எமக்குத்தான் அவற்றைத் திறக்க வழியில்லை. பதிவேட்டுப் புத்தகங்களைப் பார்த்து மறுபடி எழுத மூன்று மாதங்கள் பிடித்தன.

இந்த இரண்டு சம்பவங்களும்தான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தன. எமது விபரங்கள் யாருடைய கையில் இருக்கின்றன, எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன, அந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி எமக்குப் புதியதல்ல. எமது இருநூறு ஆண்டு வரலாற்றில் தாள்களுக்குப் பெரிய இடம் உண்டு. அந்தத் தாள்கள் பெரும்பாலும் எமது கையில் இருக்கவில்லை. துண்டு முறையை நினைத்துப் பாருங்கள். தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று எழுதிய ஒரு சீட்டில்தான் ஒரு குடும்பத்தின் போக்குவரத்தே தங்கியிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சம்பந்தப்பட்ட தொழிலாளியால் வாசிக்க முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கு பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே, பாட்டன் இங்கு பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. பிறப்பைப் பதியாதது எமது பாட்டன்மாரின் குற்றமல்ல. ஆனால் தாள் இல்லாத குற்றத்துக்கு நாடற்றவர் ஆனவர்கள் நாமே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதைந்தன. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்தார்கள், மறுபடி மாற்றினார்கள். வேலைக்குப் போனவர், பாடசாலைக்குப் போன பிள்ளை, கொழும்பில் இருந்த மகன் ஆகியோரைச் சரியாகச் சொல்லும் ஒரு பட்டியல் அன்று கையில் இல்லை. ஆகவே பட்டியலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பட்டியல் வேண்டும். அது எமக்குப் பயன்படும் பட்டியலாக, எமது பொறுப்பில் இருக்கும் பட்டியலாக, தேவையான நாளில் திறக்கக்கூடிய பட்டியலாக இருக்க வேண்டும்.

இனி மென்பொருள் விடயத்துக்கு வருவோம். கொழுந்து நிறுக்கும் இடத்தை எல்லோருக்கும் தெரியும். தராசு முள் நிறுப்பவரின் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் அவர் சொன்னதுதான் நிறை. சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று கழித்தது சரியா என்று கேட்க முடியாது. முள் இரண்டு பக்கமும் தெரிந்தால் பறித்தவரும் பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவரும் பார்க்கலாம், தலைவரும் பார்க்கலாம். எல்லோரும் பார்ப்பதில்லை. ஆனால் யாராவது ஒருவர் பார்க்க முடியும் என்பதே நிறுப்பவரை நேர்மையாக வைத்திருக்கும்.

மென்பொருளிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது செய்த கம்பனிக்கு மட்டும் தெரியும். மற்ற வகையில் அதன் மூல எழுத்து முழுவதும் வெளியில் வைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவர் எவரும் படிக்கலாம், பிழை பிடிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். நாமும் நீங்களும் அந்த எழுத்தைப் படிக்கப்போவதில்லை. ஆனால் உலகம் முழுவதும் படிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். முள் இரண்டு பக்கமும் தெரிகிறது.

மூன்றாவது ஒரு விடயமும் உண்டு. எழுதியது எங்கே தங்குகிறது? கூகுளின் கணினியிலா, பேஸ்புக்கின் கணினியிலா, எமது காரியாலயத்தில் உள்ள கணினியிலா? சொந்த வழங்கியில், அதாவது எமது சேர்வரில், எமது விபரங்களை வைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருட்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. சொந்த வீட்டில் இருப்பதற்கும் கம்பனி கொடுத்த லயன் அறையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வட்ஸ்அப்பை எடுத்துக்கொள்வோம். அதில் நாம் எழுதும் செய்தி அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் பூட்டப்பட்டே போகிறது. கம்பனியால் அதை வாசிக்க முடியாது. இது உண்மை, இதை மறைத்துப் பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் யார் யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை முறை பேசினார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது பூட்டுக்கு வெளியே நிற்கிறது. வட்ஸ்அப்பை 2014இல் வாங்கியது பேஸ்புக் கம்பனி. ஆட்களைப் பற்றிய விபரத்தை வைத்து விளம்பரம் விற்பதே அதன் தொழில். அத்தோடு, குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய தொலைபேசி இலக்கமும் தெரியும். ஒரு தோட்டத்துக் குழுவில் இருநூறு பேர் இருந்தால், அதில் துரையின் காதுக்குச் செய்தி கொண்டுபோகும் ஒருவராவது இருப்பார். அவருக்கு ஒரே நாளில் இருநூறு இலக்கங்களும் கிடைக்கும், யார் வேலைநிறுத்தம் பற்றிக் கேட்டார், யார் பதில் சொன்னார் என்பதும் கிடைக்கும்.

இது கற்பனைப் பயமல்ல. அமேசன் கம்பனி தனது விநியோகச் சாரதிகளின் மூடிய பேஸ்புக் குழுக்களை ஆள் வைத்துக் கண்காணித்து வந்தது 2020இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்களால் அம்பலமானது. சம்பளம் பற்றியும் வேலைநிறுத்தம் பற்றியும் தொழிலாளர்கள் தமக்குள் பேசிய பேச்சு அறிக்கையாக மேலிடத்துக்குப் போனது. அங்கு நடந்தது இங்கு நடக்காது என்று நம்ப எமக்குக் காரணம் எதுவும் இல்லை.

'யார் எந்தச் சங்கம் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்ததுதானே, சந்தாவைச் சம்பளத்திலேயே வெட்டிக் கொடுக்கிறார்களே' என்று ஒரு தோட்டத் தலைவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சங்கத்தில் இருப்பது இரகசியமல்ல. இரகசியமாக இருக்க வேண்டியவை வேறு. மேற்பார்வை செய்பவரின் நடத்தை பற்றி ஒரு பெண் தொழிலாளி கொடுத்த முறைப்பாடு, ஒருவருக்கு உள்ள நோய், ஒரு குடும்பத்தின் கடன், அடுத்த பேச்சுவார்த்தையில் எந்த இடம் வரை இறங்கி வரலாம் என்று நாம் எடுத்த முடிவு ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் ஒன்று வெளியே போனாலும் ஒருவரின் வேலையோ மானமோ போகும், அல்லது எல்லோருடைய சம்பளமும் போகும்.

அடுத்து, ஒரே கடையை நம்பியிருப்பதன் ஆபத்து. 2018 மார்ச்சில் கண்டி திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கின்போதும் இந்த நாட்டில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. பிள்ளை கொழும்பில், பெற்றோர் தோட்டத்தில், நடுவில் ஊரடங்கு. வழக்கமாகப் பேசும் வழி அடைக்கப்பட்டபோது பல குடும்பங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. சாதாரண அழைப்புக்கான இலக்கம்கூடப் பலரிடம் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

திறந்த மூலம் என்பது வெளிநாட்டுப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த முகாமுக்கு எது தேவை என்று பதிய ஒரு மென்பொருள் இருக்கவில்லை. கொழும்பில் இருந்த இலங்கை மென்பொருள் தொண்டர்கள் இரவுபகலாக உட்கார்ந்து சில வாரங்களில் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு 'சஹானா' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் சஹான என்றால் நிவாரணம். அதைப் பூட்டி விற்காமல் திறந்த மூலமாக உலகுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெய்ட்டி பூமியதிர்ச்சியிலும் அது உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதற்கு வழங்கியது. மண்சரிவு பகுதியில் வாழும் நாம் அந்தக் கதையை எமது சொந்தக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் இன்னொரு சான்று 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், சிறு வெளியீடுகள் பல்லாயிரக்கணக்கில் அங்கு இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மலையக எழுத்துகளும் தொழிற்சங்க வெளியீடுகளும் அவற்றில் உண்டு. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளின் மேல்தான் நூலகம் நிற்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைப்பதன் விலை என்ன என்று கற்றுக்கொண்டது. இன்று எரிக்க வருபவன் தேவையில்லை. ஒரு கணக்கு மூடப்பட்டாலே போதும்.

கடல் கடந்தும் பார்க்கலாம். கேரளத்தின் அரசுப் பாடசாலைகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸ் கணினிகளில்தான் படிக்கிறார்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் மாநிலம் அது. ஜேர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024 ஏப்ரலில் தனது ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஒரு கம்பனி விலையை ஏற்றினாலும் கதவை மூடினாலும் தமது அரசாங்க வேலை நிற்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பணக்கார நாட்டின் அரசே அப்படி யோசிக்கும்போது, நாள் சம்பளத்தில் வாழும் எமக்கு அந்த யோசனை அதிகமாகவே வேண்டும்.

எமது காரியாலயத்திலும் இதே பாடம் இருந்தது. இந்தச் செய்தி மடலின் பழைய இதழ்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. எழுதியது தமிழ்தான், எழுதியவர்கள் நாம்தான், ஆனால் வாசிக்க முடியவில்லை. யுனிகோட் என்ற பொது முறையில் எழுதியவை எந்தத் தொலைபேசியிலும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகின்றன. எல்லோருக்கும் பொதுவான முறை எது, ஒரு பெட்டிக்குள் மட்டும் வேலை செய்யும் முறை எது என்ற வேறுபாட்டை அந்தப் பழைய இதழ்களே எமக்குக் கற்பித்தன.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையானவர்களாக மாட்டோம். சொந்தமாக வைத்துக்கொண்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் சொந்த மேகக் கணினி அமைப்பு மீது பணயத் தாக்குதல் நடந்தது. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருந்ததும், அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதி எடுத்து வைக்காததும் காரணங்கள். ஓர் அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் எமது காரியாலயத்து ஒற்றைக் கணினிக்கு என்ன உத்தரவாதம்? 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததையும் நாம் மறக்கவில்லை. சொந்த வீடு கட்டினால் கூரையையும் நாமே பார்க்க வேண்டும்.

பணத்தின் பக்கமும் உண்டு. தொலைபேசிக் கம்பனிகளின் சமூக ஊடகப் பொதியைப் போட்டால் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் மலிவாகக் கிடைக்கின்றன. மற்றச் செயலிகளுக்குச் சாதாரண டேட்டா செலவாகிறது. ஒரு நாள் சம்பளத்தில் அரிசியும் மாவும் வாங்கிய பிறகு மிஞ்சுவதில் ரீலோட் போடும் குடும்பத்திடம், 'நாளை முதல் வட்ஸ்அப்பை விடுங்கள்' என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் நடக்காது. மகள் சவூதியில் இருக்கிறாள், அவள் வட்ஸ்அப்பில்தான் பேசுகிறாள்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் பேச்சு வேண்டாம். எது வெளியே போனால் யாருக்கு அடி விழும் என்று பார்த்து, அதிக அடி விழக்கூடியதை முதலில் பாதுகாப்போம். அந்த அடிப்படையில் எமது செயற்குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது.

முதலாவது, அங்கத்தவர் பட்டியல் இனி எவருடைய சொந்த மின்னஞ்சலிலும் சொந்தத் தொலைபேசியிலும் இருக்காது. தலைமைக் காரியாலயக் கணினி ஒன்றில், வட்டு முழுவதும் பூட்டப்பட்ட நிலையில், லிப்ரே ஒபிஸில் வைக்கப்படும். அது இலவசமானது, தமிழில் இயங்கக்கூடியது, அதன் கோப்புகளை வேறு மென்பொருளிலும் திறக்கலாம். இரண்டு பிரதிகள் தனித்தனி வட்டுகளில், ஒன்று மலையகத்திலும் மற்றது கொழும்பிலும் இருக்கும். பிரதி இருக்கிறது என்று சொன்னால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து பார்த்து, திறந்தது என்று குறிப்பேட்டில் ஒப்பமிட வேண்டும். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவதாக, ஒட்டிய உறையில் பொருளாளரின் பெட்டகத்தில் இருக்கும். இனி ஒருவர் வெளிநாடு போனதால் சங்கம் குருடாகக் கூடாது.

இரண்டாவது, தோட்டத்து வட்ஸ்அப் குழுக்கள் அறிவித்தலுக்கு மட்டும். கூட்டம் எப்போது, பேச்சுவார்த்தை எந்த நிலையில் என்பவை அங்கே வரலாம். அடையாள அட்டைப் படம், சம்பளச் சிட்டை, வைத்தியத் துண்டு, தனிப்பட்ட முறைப்பாடு எதுவும் குழுவில் போடக்கூடாது.

மூன்றாவது, முறைப்பாடுகளையும் பேச்சுவார்த்தைக் கலந்துரையாடலையும் சிக்னல் செயலிக்கு மாற்றுகிறோம். சிக்னல் திறந்த மூலமானது. இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றினால் நடத்தப்படுகிறது. 2016இல் அமெரிக்காவில் சட்டரீதியாக விபரம் கேட்டு ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை. எம்மிடம் இல்லாததை எவரும் எம்மிடமிருந்து பறிக்க முடியாது என்பதே அதிலுள்ள பாடம். எழுத்துச் செய்திக்கு டேட்டா மிகக் குறைவு. தொலைபேசி இல்லாத அக்காமார் வழக்கம்போல மாதர் சங்கத் தலைவியிடம் நேரில் சொல்லலாம். எல்லாச் செயலியையும் விட அது பாதுகாப்பானது.

நான்காவது, சொந்த சேர்வர். நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருளை ஒரு சாதாரணக் கணினியில் போட்டு எமது கோப்புகளை எமது இடத்திலேயே வைத்துப் பகிர முடியும். முகத்துவாரத்தில் சந்தித்த பிள்ளைகளில் கணினி திருத்தும் வேலை செய்யும் இருவர் உதவ முன்வந்திருக்கிறார்கள். ஆனால் அங்கத்தவர் பட்டியலை அதில் இப்போது வைக்கப்போவதில்லை. முதலில் இந்த மடலின் பழைய இதழ்கள், விண்ணப்பப் படிவங்கள், சட்ட விளக்கங்கள் ஆகியவற்றை வைப்போம். ஓராண்டு ஒழுங்காக ஓடினால் அடுத்ததைப் பற்றி யோசிப்போம். அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்குச் சங்கம் பணம் கொடுக்கும். கூலியில்லா உழைப்பை எதிர்க்கும் சங்கம் தன் வீட்டிலேயே அதை நடத்த முடியாது.

வீடுகளில் செய்யக்கூடியவையும் உண்டு. ஒரு செயலி தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் கேட்டால், இதற்கு அது ஏன் தேவை என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். டோர்ச் லைட் செயலிக்கு உங்கள் உறவினரின் இலக்கம் எதற்கு? கூகுள் நிறுவனம் தனது கடையில் உள்ள கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று 2023இல் விதி செய்தது. ஆனால் செய்தியில் லிங்க் ஆக வரும் செயலிகள் அந்தக் கடைக்கு வெளியே நிற்பவை. அவற்றைத் தொடவே வேண்டாம். வட்ஸ்அப்பின் பிரதி கூகுளில் சேமிக்கப்படுகிறது என்றால், அந்தப் பிரதியையும் பூட்டும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கொமியூனிகேஷன் கடையில் அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். முக்கியமான பத்து இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

வாசிகசாலைகளிலும் இளைஞர் கழகங்களிலும் பழைய கணினிகள் கிடக்கின்றன. மைக்ரோசொப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தலை நிறுத்தியது. அதனால் அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்றவை அவற்றில் ஓடும். பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் பரீட்சைக்குப் படிக்கவும் அவை தாராளமாகப் போதும். திருட்டுப் பிரதி விண்டோஸைப் போட்டு வைரஸையும் சேர்த்து வாங்குவதைவிட இது மேல்.

கடைசியாக, நாம் கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டியது. தோட்டங்களில் மின்னியல் தராசுகளும் கைக்கணினிகளும் வந்துகொண்டிருக்கின்றன. நாம் அவற்றை எதிர்க்கவில்லை. ஒழுங்காகப் பயன்பட்டால் கிலோ திருட்டைத் தடுக்கக்கூடியவை அவை. ஆனால் அந்தப் பெட்டி என்ன கழிக்கிறது, எவ்வளவு காலம் விபரத்தை வைத்திருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் கொழுந்து பறித்தவர் கையில் சிட்டை கிடைக்க வேண்டும். சர்வதேச தொழில் அமைப்பு 1997லேயே தொழிலாளரின் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் நடைமுறைக் கோவையை வெளியிட்டது. தன்னைப் பற்றிய விபரத்தைப் பார்க்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும், கண்காணிப்பு முறைகளைக் கொண்டுவருமுன் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேச வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்தள்ளப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பதும், அடுத்த கூட்டு உடன்படிக்கையில் தரவு பற்றிய ஒரு பிரிவு வேண்டும் என்பதும் எமது கோரிக்கை.

மலையகத்தின் முதல் தொழிற்சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யர் 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் எழுத்து நுழைந்தது. துரைமாரின் பத்திரிகையில் இடம் கேட்டு அவர் காத்திருக்கவில்லை. தொழிலாளிக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று அவர் நினைத்த அதே நியாயம்தான், தொழிலாளியின் விபரம் தொழிலாளியின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதிலும் இருக்கிறது.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக் கொண்டு வாருங்கள். உங்கள் தோட்டத்து அங்கத்தவர் பட்டியல் இப்போது யாருடைய தொலைபேசியில் இருக்கிறது? அந்தத் தொலைபேசி நாளை ஆற்றில் விழுந்தால் பட்டியல் மிஞ்சுமா? உங்கள் தோட்டத்துத் தராசின் முள் யார் பக்கம் திரும்பியிருக்கிறது?